விதை முதல், கூரை பிறகு



மடிக்கணினி ஒருநாள் திடீரென்று நின்றுபோனால், அதனுள் இருக்கும் நம் சொந்தக் கோப்புகளை இழக்காமல் அதை மீட்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது கணினி வல்லுநருக்கு உரிய பொருளாயிற்றே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கருவியைப் பழுது பார்ப்பது வல்லுநரின் தொழில். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருவிக்குள் இருக்கும் எழுத்து உங்களுடையது. எதைக் காக்க வேண்டும் என்று வல்லுநருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தாம்.

நான் வாழும் ஏற்காடு, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய ஊர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது. சித்திரை, வைகாசித் திங்கள்களில் பிற்பகலில் இடியும் மின்னலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் மூடுபனியும் உண்டு. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று மின்கம்பியின்மேல் சாய்ந்தால் போதும்; அப்பகுதி முழுவதும் இருளில் மூழ்கும். இத்தகைய இடத்தில் கணினி பழுதாவதில் வியப்பில்லை.

பழுதான வேளையில் எது முதல் வேலை, எது இரண்டாம் வேலை என்பதை இம்மலை உழவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயர் மலையாளி ஆயினும் அவர்கள் பேசுவது தமிழே. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அவர்களுடைய பழைய பயிர்கள். அடுத்த விதைப்புக்கு உரிய விதையைத் தனியே எடுத்துக் காப்பது எல்லா உழவர்க்கும் பொதுவான வழக்கம். பெருங்காற்றில் ஒரு வீட்டின் கூரை சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவுள்ள உழவர் முதலில் விதையை நனையாத இடத்திற்கு மாற்றுவார். அதன் பிறகே கூரை வேய ஆள் தேடுவார். கூரையை எப்பொழுது வேண்டுமானாலும் வேயலாம். விதை போய்விட்டால் அந்த ஆண்டே போய்விடும்.

கணினிக்கும் இதுவே முறை. விதை முதல், கூரை பிறகு.

இந்த முறை மாறினால் என்ன நேரும் என்பதற்கு, சில ஆண்டுகளுக்கு முன் நான் அருகிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து சேலத்துக் கல்லூரியில் பயின்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டி பாடிய நாற்பது பாட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். பின்னர் அவற்றை மடிக்கணினிக்கு மாற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் எழுதி வைத்தாள். கைப்பேசியில் இடம் போதாமையால் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டாள். மாசித் திங்களில் பாட்டி காலமானார். வைகாசியில் ஒருநாள் இடியும் மழையுமாக இருந்தபோது மின்சாரம் நின்றது. கணினியின் பேட்டரி முன்னரே வலுவிழந்திருந்தது. ஆகவே கணினியும் அணைந்தது. மின்சாரம் வந்த பிறகு அது எழவில்லை. நீலத் திரை ஒன்று தோன்றும், மறையும், மறுபடியும் அதே நீலத் திரை.

அவள் அதை ஒரு கடைக்கு எடுத்துச் சென்றாள். "ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், மாலையில் வந்து வாங்கிக்கொள்ளம்மா" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் இல்லை. மாலைக்குள் கணினி ஓடியிருக்கும். பாட்டியின் குரல் மட்டும் போயிருக்கும். நல்லவேளையாக அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "ஐயா, அப்படிச் செய்தால் உள்ளே இருப்பவை என்ன ஆகும்?" "எல்லாம் அழிந்துவிடும்" என்று விடை வந்தது. கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் மலையேறிவிட்டாள்.

அந்தக் கேள்வியின் அருமையை உணர வேண்டுமானால், கணினியின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். விண்டோஸ் போன்ற இயங்குதளம் வேறு. உங்கள் கோப்புகள் வேறு. இரண்டும் ஒரே வட்டில் இருக்கின்றன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. இயங்குதளம் களஞ்சியத்தின் கதவைத் திறந்துவிடும் ஏவலாளன் போன்றது. ஏவலாளன் மயங்கி விழுந்தால் கதவு திறவாது. அதனால் உள்ளிருக்கும் தானியம் கெட்டுவிட்டது என்று பொருளாகாது. வேறோர் ஏவலாளனை அழைத்து வந்தால் அவன் கதவைத் திறப்பான்.

அந்த இரண்டாம் ஏவலாளன் நம் தமிழகத்து மாணவர் பலருடைய கையிலேயே இருந்ததுண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம். விண்டோஸ் விழுந்த வேளையில் பாஸ் வழியாக நுழைந்து கோப்புகளைப் படி எடுக்க வழியிருந்தது.

நான் சொன்ன மாணவியின் கணினியில் பாஸ் இல்லை. ஆயினும் லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் எழுதாமல், பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம். என்னிடம் பயின்று இன்று கணினி ஆசிரியராக இருப்பவர் அவ்வாறே செய்தார். கோப்புறைகள் திரையில் தோன்றின. பாட்டுகளை வேறொரு வன்தட்டுக்கு ஒவ்வொன்றாக மாற்றினோம். முப்பத்தெட்டுப் பாட்டுகள் முழுமையாக வந்தன. இரண்டு பாதியில் நின்றுவிட்டன. வட்டே சிதையத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு பாட்டுகளின் மறுபாதி இனி எவர்க்கும் கிடைக்காது.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பதறி மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். மின்னிணைப்புக் கருவி சரியாக இருக்கிறதா, திரை மட்டும் பழுதா என்று பாருங்கள். வேறொரு திரையை இணைத்ததும் எல்லாம் தெரிந்தால், கோப்புகளுக்குக் கேடில்லை. வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது உள்ளுறுப்பு பழுதுற்றதன் அடையாளம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் சேதம் மிகக்கூடும். அந்நிலையில், தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுப்பதே தக்கது. அதற்குப் பணம் மிகுதியாகச் செலவாகும், வெற்றியும் உறுதியன்று.

இரண்டாவது, கோப்புகளை வெளியே எடுங்கள். பென்டிரைவ் லினக்ஸ் ஒரு வழி. கழற்றத்தக்க வட்டாயின், அதைக் கழற்றி உரிய உறையில் இட்டு மற்றொரு கணினியில் இணைப்பது இன்னொரு வழி. எடுத்த படிகளைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் வந்துவிட்டது என்பதற்காக உள்ளடக்கமும் வந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது, அதன் பிறகே பழுது பாருங்கள். விண்டோஸை மீட்டமைக்கும்போது, கோப்புகளை வைத்துக்கொள்வதா, அனைத்தையும் நீக்குவதா என்று அதுவே கேட்கும். முன்னதைத் தேர்ந்தாலும் நீங்கள் நிறுவிய செயலிகள் நீங்கிவிடும். சொந்தக் கோப்புகள் நிற்கும். ஆயினும் படி எடுக்காமல் இதில் இறங்க வேண்டா.

தவறி அழித்த கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய வகை வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால், பொருளடக்கத்திலிருந்து அதன் பெயர்தான் முதலில் நீங்குகிறது; பக்கம் அங்கேயே இருக்கிறது. அப்பக்கத்தின்மேல் வேறொன்றை எழுதும்வரை அதை மீட்க இயலும். 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' என்னும் இலவச மென்பொருள்கள் அதற்கு உதவும். மீட்டதை அதே வட்டில் சேமிக்காமல் வேறு வட்டில் சேமிக்க வேண்டும். இக்கால எஸ்.எஸ்.டி. வட்டுகளிலோ, அழித்த பக்கங்களை வட்டே விரைவில் துடைத்துவிடுகிறது. அங்கு மீட்பு அரிது.

இயங்குதளம் வீழ்ந்தாலும் கோப்பு வாழும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2024 சூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானப் பயணங்கள் தடைப்பட்டன. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். தீர்வோ எளியதாக இருந்தது. கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதும். வட்டிலிருந்த மற்றவை இருந்தவாறே இருந்தன.

ஆயினும் பல கணினிகளில் இவ்வெளிய வேலையும் தாமதப்பட்டது. காரணம், அவற்றின் வட்டுகள் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டினால் மறைக்குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறி வேண்டும். இது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. புதிய கணினிகள் பலவற்றில் இப்பூட்டு நாம் அறியாமலே போடப்பட்டிருக்கிறது. குறி இல்லையேல், லினக்ஸும் உதவாது, வல்லுநரும் உதவார். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதைத் தேடி ஒரு தாளில் எழுதி, கணினிப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

இறுதியாக, மீட்பினும் சிறந்தது காப்பு. பனையோலை நிலையானதன்று, சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் பொடியாகும். எனினும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நம்மிடம் இருக்கின்றன. ஓலை அழியும் முன்பே யாரோ ஒருவர் வேறோர் ஓலையில் படி எடுத்ததே அதற்குக் காரணம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியபோது, ஒரே நூலின் பல படிகளை ஒப்பிட்டுத்தான் சிதைந்த இடங்களை நிரப்பினார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரே படியாக இருந்த நூல்கள் எத்தனையோ ஆற்றோடும் தீயோடும் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. படி இல்லாத சுவடிக்கு ஈடேது?

இக்காலக் கணினி வல்லுநரும் இதையே ஒரு விதியாகச் சொல்கின்றனர்: மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மலைநாட்டில் இருப்பவர்கள் இடிமழை நேரத்தில் கணினியையும் வன்தட்டையும் மின்னிணைப்பிலிருந்து பிரித்துவிடுதல் நன்று.

அந்த மாணவி இப்பொழுது முப்பத்தெட்டுப் பாட்டுகளுக்கும் மூன்று படிகள் வைத்திருக்கிறாள். பாதியில் நின்ற இரண்டு பாட்டுகளையும் அவள் விட்டுவிடவில்லை. பாட்டியின் வயதொத்த மூதாட்டியர் எவரேனும் அவற்றை அறிவரோ என்று, அண்டைச் சிற்றூர்களில் கேட்டு வருகிறாள். ஒரு பாட்டின் எஞ்சிய அடிகள் கிடைத்துவிட்டன. அடிகள் கிடைத்தன, குரல் கிடைக்கவில்லை.

உங்கள் கணினியிலும் மறுபடி பெற முடியாத ஒன்று இருக்கும். அது எது என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். உறங்கும் முன் அதற்கு ஒரு படி எடுத்துவிடுங்கள்.