கடல் மீன் தொட்டியில் யாரை யாரோடு வைப்பது?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் ஹாலில் இருக்கும் கடல் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "சார், நாங்களும் ஒண்ணு வைக்கணும், என்னென்ன மீன் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள் என்றார் நம் செயலாளர். நான் மீன் நிபுணன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் 35 வருடம் கிளார்க்காக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு வந்த ஆசை இது. தப்பு செய்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 190 லிட்டர். உப்புத் தண்ணீர் பழகுவதற்கு இரண்டு டாமினோ மீன் போடுங்கள், எதையும் தாங்கும் என்று ஒருவர் சொன்னார். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி, விலையும் குறைவு. போட்டேன். ஒரு மாதம் கழித்து, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீமோ ஜோடி ஒன்று வாங்கினேன். பேத்தி லட்டு, ஜிலேபி என்று பெயர் வைத்தாள். நான்காம் நாள் காலையில் ஜிலேபி வால் கிழிந்து பம்ப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. "அது கடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா தாத்தா?" என்றாள். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்த டாமினோக்களைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பாறை அத்தனையையும் வெளியே எடுத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் வலையில் சிக்கின. வங்கியில் தப்பாக வரவு வைத்தால் மறுநாள் திருத்தி எழுதலாம். பாறைக்குள் புகுந்த மீனுக்கு அந்த வசதி கிடையாது.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. முதலில் குடிவந்த மீன் மொத்தத் தொட்டியும் தன்னுடையது என்று நினைக்கிறது. கடலில் அடி வாங்கிய மீன் வேறு பாறைக்கு ஓடிவிடும். கண்ணாடிக்குள் எங்கே ஓடுவது? அதனால் சாதுவான மீன்களை முதலில் விடுங்கள். முரட்டு மீன் வேண்டுமென்றால் கடைசியில்தான். நம் வீட்டு அளவுத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே சாப்பாடு உள்ள மீன்கள்தான் அதிகம் மோதிக்கொள்ளும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீமோவில் ஒரு விசித்திரம். எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கின்றன. ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். ஆகவே ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டு குட்டிகளாக வாங்குங்கள். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் விரட்டியே கொன்றுவிடும். கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கடையில் கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். பண்ணைக் குஞ்சு தொட்டி வாழ்க்கைக்கும் உலர்தீனிக்கும் பழகியிருக்கும்.

குழந்தைகள் அடுத்து கேட்பது டோரி என்கிற நீல டாங். கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி. நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் சாதி அது. 3 அடித் தொட்டியில் அடைக்காதீர்கள். லயன் மீன் வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். டிரிகர் மீனுக்கு இறாலும் நண்டும் பலகாரம். பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தையே கொத்தித் தின்னும். மாண்டரின் மீன் பரம சாது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி உயிரிகளைத்தான் தேடித் தின்னும். புதுத் தொட்டியில் அவை போதாது. நாம் தீனி போட்டுக்கொண்டே இருப்போம், அது பட்டினியால் சாகும்.

இப்போது என்னிடம் இருப்பது ஐந்தே மீன்: நீமோ ஜோடி, ஒரு பிளென்னி, ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு மஞ்சள் கோபி. ஃபயர்ஃபிஷ் பயந்தால் வெளியே குதித்துவிடும், மேலே வலை மூடி கட்டாயம். கோபியோடு ஒரு பிஸ்டல் இறாலும் உண்டு. வந்த அன்று ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிந்துவிட்டது என்று பதறி எழுந்து விளக்கைப் போட்டேன். இறால் கொடுக்கைச் சொடுக்கியிருக்கிறது! அதற்குக் கண் பார்வை மட்டம். அது வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் கோபி மேல் பட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே. டி.வி. பார்ப்பதையே குறைத்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கல்லாக வளரும் பவளமும் கடல் குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. நம் கடலில் எடுத்ததை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். என் தொட்டியில் செயற்கைப் பாறையும் மென்மையான மஷ்ரூம் வகையும்தான்.

கடைசியாக, நம் கட்டடம் சம்பந்தப்பட்டது. பாறை, மணலோடு இந்தத் தொட்டி 250 கிலோவைத் தாண்டும். பால்கனியில் வைக்காதீர்கள், பெரிய தொட்டி என்றால் பொறியாளரைக் கேட்டுவிட்டு, சுவரை ஒட்டி வையுங்கள். கரண்ட் போனால் காற்று பம்புக்கு பேட்டரி வேண்டும், வெயில் காலத்தில் சில்லரும் தேவைப்படும். மாற்றிய உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். இரண்டாம் பிளாக் வாசலில் காய்ந்துபோன செம்பருத்திக்குக் காரணம் நான்தான். மன்னிக்கவும், புதுச் செடி வைத்துவிட்டேன்.

தொட்டி வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு நாள் மாலை 6 மணிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கண்ணாடியை மட்டும் தட்ட வேண்டாம்.