நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை



முதுகில் கட்டியோடு ஒரு பிள்ளை பிறந்தால், "கிரகணத்தன்று வெளியே வந்தாளா?" என்றுதான் கேட்கிறோம். வரவில்லை ஐயா! கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய முதுகுத்தண்டு மூடவில்லை, அவ்வளவுதான். நாள் தள்ளிப்போனதே அப்போது அவளுக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

முதுகுத்தண்டு மூடாத இந்தக் குறையை மருத்துவர்கள் ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். பிள்ளை நடக்குமா என்றே எல்லோரும் கேட்கிறோம். சிறுநீர் ஒழுங்காகப் போகுமா என்று யாரும் கேட்பதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. தேங்கினால் சிறுநீரகம் கெடும். கசிந்தால் பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பொத்துவான்; மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வராது.

1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸ் ஒரு வழி சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெல்லிய குழாயைச் செருகிச் சிறுநீரை வடித்துவிட வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும். சின்ன வயதில் அம்மா செய்வார். பள்ளி வயதில் பல பிள்ளைகள் தாங்களே பழகிக்கொள்கிறார்கள். (ரப்பர் ஒவ்வாமை இவர்களுக்கு அதிகம், பிறந்தநாள் பலூனைக்கூடத் தள்ளியே வையுங்கள்.)

இதே குறையோடு பிறந்த பிரிட்டனின் டேனி கிரே-தாம்சன் 11 பாராலிம்பிக் தங்கம் வென்றவர். பிரபுக்கள் சபைக்கும் போனார். கைதட்டுங்கள், தப்பில்லை. நம் பிள்ளைக்கு இப்போதைக்கு, பள்ளியில் குழாய் செருகிக்கொள்ளும் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைத்தால் போதும்.

ஆமாம், தாழ்ப்பாள்! சக்கர நாற்காலி நுழைகிற கதவு, கைப்பிடி, எட்டுகிற உயரத்தில் தண்ணீர்க் குழாய், பையை வைக்க ஒரு பலகை. வடலூர் நெய்சர் ஆலையில் கழிப்பறைப் பீங்கான் செய்த மாவட்டம் இது. விருத்தாசலத்துப் பீங்கானுக்கு ஊருக்கு ஊர் பெயர் உண்டு. நம் பள்ளிக் கழிப்பறைக்குள் மட்டும் நாற்காலி நுழையாது என்றால் வெட்கமாக இல்லையா?

பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிய 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் இந்தக் குறையும் உண்டு. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையை மறைக்காமல் காட்டுங்கள்.

பேரூராட்சி உறுப்பினர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள், பள்ளிக்கு ஒரு கழிப்பறையையாவது சக்கர நாற்காலி நுழையும்படி மாற்றித் தாருங்கள்.