தாய்மொழியில் ஒரு சட்டம்



உயிர்களிடத்துப் பரிவு காட்டுதல் குடிமக்களின் கடமை என 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் நாட்டின் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. அஹிம்சையைப் பேரறமாகக் கொண்டோர்க்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் அக்கடமையை ஆற்றுவதற்குச் சட்டத்தை அறிதல் வேண்டும். அறிவதற்கு அது தம் மொழியில் இருத்தல் வேண்டும்.

2020 மார்ச்சில் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. பெருந்திட்டங்களைப் பற்றிய பொதுக் கருத்துக்கேட்புக்கான அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முனைந்த வரைவு அது. வெளிவந்ததோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. அடையாற்றுக் கழிமுகத்தருகே வலை வீசும் ஊரூர்க் குப்பத்து மீனவர் அதனை எவ்வாறு படிப்பர்? சூழல் ஆர்வலர் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகினார். எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு ஜூன் 30 அன்று ஆணை பிறந்தது. கருத்துரைக்கும் காலமும் ஆகஸ்டு 11 வரை நீண்டது. ஒருவர் கேட்டதனால் அனைவர்க்கும் கிடைத்த உரிமை இது.

நிலமும் நீரும் காற்றும் மரமும் ஓரறிவுயிர்களே. அவை மனு எழுத மாட்டா. மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் குடும்பத்தார், அடுத்த வரைவு வருங்கால் அதனைத் தமிழில் கேட்டுப் பெற்றுப் படித்துத் தமிழிலேயே கருத்து எழுதியனுப்புதலும் உயிரோம்பும் அறமேயாகும்.