பதிகத்துள் ஒலிக்கும் தனிக்குரல்

(ஆலயத் திருமுறை வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகள் பதிகங்களை மனனம் செய்கின்றனர். உச்சரிப்பும் தாளமும் திருத்தப்படுகின்றன. பாடலில் பேசுபவர் யார், எந்நிலையில் பேசுகிறார் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அதனை அறியாமல் தன்னுணர்ச்சிப் பாடலைக் கதை கூறும் செய்யுளினின்று பிரித்தறிதல் அரிது.

இதற்கு எடுத்துக்காட்டு பன்னிரு திருமுறைகளிலேயே உண்டு. சமணம் சார்ந்திருந்த மருணீக்கியாரைச் சூலைநோய் பற்றியது. தமக்கையார் திலகவதியார் திருநீறளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனைப் பெரியபுராணத்தில் வரலாறாகப் பாடினார். நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. புலவர் வெளியே நின்று காண்கிறார்.

7ஆம் நூற்றாண்டில் நாவுக்கரசராகிய அவரே பாடிய பதிகமோ வேறு. நான்காம் திருமுறையின் முதற் பதிகம் அது. பண் கொல்லி, ஓதுவார்கள் இன்று நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். அங்கே தமக்கையார் பெயரில்லை, வழிப்பயணமில்லை. குடரை முடக்கும் வலியும், அதனைத் தாங்க மாட்டாத 'நான்' என்ற குரலுமே உள்ளன. பத்துப் பாடல்களும் கெடிலக்கரை இறைவனை விளித்தே முடிகின்றன. கதையாயின் இப்படித் திரும்பத் திரும்ப ஓரிடத்திற்கே வருவது குறை. வலியால் துடிப்பவர் வேறு யாரை அழைப்பார்?

ஓரிடத்தில், பூவும் தூபமும் தமிழிசையும் தாம் மறந்ததேயில்லை என்கிறார். பல்லாண்டு சமணராயிருந்தவர் அவ்வாறு கூறலாமா என வினவத் தோன்றும். காப்பியத்தில் அக்கேள்விக்கு இடமுண்டு. இங்கோ ஆண்டுக்கணக்கு பார்க்கப்படவில்லை. அந்நேரத்தில் நெஞ்சு உணர்ந்ததே பேசுகிறது. தன்னுணர்ச்சிப் பாடலுக்குத் தலையாய அடையாளம் இதுவே. யாப்பும் பண்ணும் அதற்குத் துணை நிற்பன.

பத்தாம் பாடலில் இராவணன் வருகிறான். அவனைப் பாடுவது பதிக மரபு. ஆயினும் இங்கு அம்மரபு வழக்காடுபவரின் சான்றாகிவிடுகிறது. மலையின்கீழ் நெரித்த அரக்கனுக்கே பின்னர் அருளியதை இறைவனுக்கு நினைவூட்டி, வேர்வை பெருகத் தரையிற் புரளும் தம் வேதனையை விலக்கலாகாதா என்று கேட்கிறார். பூசை நேரம் கருதி முதற் பாடலோடு நிறுத்தும் ஆலயங்களில் இக்கேள்வி அடியார் செவிக்கு எட்டுவதேயில்லை.