பத்தூர் நடராசரும் நம் பங்கும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கல்வியின் பெருமையை இம்மேடையில் நமக்கு முன்னர் மூவர் விரித்துரைத்துவிட்டனர். ஆகவே நாம் ஒரு செப்புச் சிலையின் கதையைச் சொல்ல எடுத்துக்கொள்கிறோம். அது கல்வியைப் பற்றிய கதையாகவும் இருக்கக் காண்பீர்கள்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றோம். செப்புத் திருமேனிகளின் கூடத்தில் நின்றபோது, களவுபோன சிலைகள் அயல்நாடுகளிலிருந்து மீட்டுக் கொணரப்படும் செய்தியைச் சொன்னோம். நம் தெருப்பிள்ளை ஒருவன் கேட்டான்: "ஐயா, அது திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? உள்ளே விடாத கோயிலின் சாமிதானே?" உடன் வந்த ஆசிரியர் அவனை அதட்டினார். நாம் அதட்டவில்லை. அன்று நம்மிடம் விடையும் இல்லை. அவனுக்குச் சொல்லவேண்டியதைத்தான் இன்று உங்கள் முன் சொல்லிப் பார்க்கிறோம்.

1976ஆம் ஆண்டு, அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து பாழாய்க் கிடந்த சோழர் காலத்து விசுவநாதர் கோயிலருகே குடிசை போட்டு வாழ்ந்த ஒரு கூலித் தொழிலாளி, மாட்டுக்கொட்டகை அமைப்பதற்காக மண்ணைத் தோண்டினார். கருவி உலோகத்தில் பட்டது. உள்ளே பல செப்புத் திருமேனிகள் புதைந்திருந்தன. அவற்றுள் ஒன்று நடராசர். நிலமில்லாத மனிதர், உலகச் சந்தையில் அதன் விலை என்ன என்பதை அறியாதவர். வணிகரிடம் விற்றுவிட்டார். அவர் கைக்கு வந்தது சொற்பத் தொகை.

சிலை கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தது. 1982இல் கனடா நாட்டைச் சேர்ந்த பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் 2,50,000 பவுன் கொடுத்து அதை வாங்கியது. விற்றவர் அதன் பூர்வீகம் பற்றிப் பொய்யான பத்திரங்களைக் காட்டியிருந்தார். சிலையைச் செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்திருந்தபோது, இலண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திருப்பித் தா என்று அந்நிறுவனம் காவல்துறை மீது வழக்குத் தொடுத்தது. இந்திய அரசும் தமிழக அரசும் கோயிலின் சார்பிலான பொறுப்பாளரும் வழக்கில் நுழைந்தனர். பத்தூர்க் கோயிலும், அக்கோயிலின் சிவலிங்கமுமே உரிமை கோரும் தரப்பினராய்ச் சேர்க்கப்பட்டன.

இளைஞர்கள் இங்கே சற்று உன்னிக்க வேண்டும். இலண்டன் சிலைதான் பத்தூர்க் குழியில் கிடந்த சிலை என்பதை எப்படி மெய்ப்பிப்பது? சிலையில் ஊர்ப் பெயர் பொறித்திருக்கவில்லை. அதே குழியிலிருந்து எடுத்த மற்றத் திருமேனிகள் பின்னர்க் கைப்பற்றப்பட்டிருந்தன. அவற்றோடு இதை ஒப்பிட்டார்கள். தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராய் விளங்கிய இரா. நாகசாமி அவர்கள் இலண்டன் சென்று, சிற்ப அமைதியைக் கொண்டு சாட்சியம் அளித்தார். உலோகத்தை ஆராய்ந்தவர்களும், ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தவர்களும் வந்தனர். சிலையின்மேல் கறையான் கட்டிய தடத்தைக்கூட விடாமல் ஆராய்ந்தனர். நம் வீட்டு விட்டத்தில் ஏறினால் துடைத்தெறியும் கறையான் புற்று, அங்கே சாட்சி சொன்னது! படிப்பு எங்கெங்கே பயன்படும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

1988 பிப்ரவரியில் நீதிபதி இயன் கென்னடி தீர்ப்பளித்தார். வாங்கியவர் நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார். ஆயினும் சிலை அவருடையது அன்று என்றார். நூற்றாண்டுகளுக்கு முன் கோயிலை எழுப்பியவனின் அறநோக்கம், கோயில் இடிந்தபின்னும் அழியாமல் அந்தச் சிவலிங்கத்தில் நிலைகொண்டுள்ளது என்பது அவர் கண்ட முடிபு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 பிப்ரவரியில் அதை உறுதி செய்தது. ஆங்கிலச் சட்டத்தில் ஒரு கோயில் வழக்காடும் நபராகாது. ஆனாலும் அதன் சொந்த நாட்டுச் சட்டம் அதற்கு அத்தகுதியை அளிப்பதால் இங்கும் ஏற்போம் என்று அந்நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டே நடராசர் தமிழகம் திரும்பினார். பத்தூர்க் கோயிலோ பாழாய்க் கிடந்தது. ஆதலால் திருவாரூரில் சிலைகளுக்கான பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். வழக்கில் வென்றும் வீடு சேராதவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இனி நம் மாணவனின் கேள்விக்கு வருவோம்.

நம் பாட்டனார் ஊர்க் கோயில் குளத்தில் கோடைதோறும் தூர்வாரியவர். சேறு சுமந்த கூடை தலையில் இருக்க, வடகரையில் நிற்கலாம். கோபுர வாயிலை நெருங்கக்கூடாது. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றதையும், அக்குழுவில் பின்னாளில் அமைச்சரான கக்கன் அவர்கள் இருந்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. சட்டம் வந்து பல ஆண்டுகள் கழிந்தும் நம் பாட்டனார் அக்கோயிலின் உள்ளே சென்றதில்லை. "இனி எதற்கு?" என்பார். அந்தச் சொல்லில் இருந்தது வெறுப்பா, மானமா என்று இன்றளவும் நமக்குத் துணிய முடியவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1930இல் நாசிக் காளாராம் கோயில் வாயிலில் அறப்போர் தொடங்கியதும், சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டதும் நீங்கள் அறிந்தவை. கோயில் நமக்குத் தேவையில்லை என்று கருதும் அன்பர்கள் இந்த அவையிலும் உளர். அவர்களோடு நமக்குப் பூசல் இல்லை. வழிபடுவதும் வழிபடாததும் அவரவர் உள்ளத்தைச் சார்ந்தது. நாம் பேசுவது உடைமையைப் பற்றி.

ஒரு செப்புத் திருமேனி எவ்வாறு உருவாகிறது என்று பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் சமைப்பர். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசி உலர்த்துவர். சூட்டில் மெழுகு உருகி வழிந்தோட, வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். வார்த்த தபதியின் புகழ் தபதிக்கு உரியதே. ஆனால் காட்டில் தேனடை எடுத்தவன் யார்? ஆற்றிலிருந்து மண் சுமந்தவன் யார்? உலைக்கு விறகு பிளந்தவன் யார்? கோயில் நிலத்தில் நாற்று நட்டு, அதற்கு நெல் அளந்தவர் யார்? பெயர்களைக் கல்லில் வெட்டவில்லை என்பதால் கைகள் இல்லாமற் போய்விடுமா? பின்னொரு நாள் ஆபத்து வந்தபோது அத்திருமேனிகளை மறைக்கக் குழி தோண்டியவர் யாரோ! 1976இல் தோண்டி எடுத்தவரைப் போலவே அவரும் ஒரு கூலியாளாய் இருந்திருப்பார் என்று எண்ண நமக்குத் தோன்றுகிறது. கதவைச் சாத்தியவர்களின் தவற்றுக்காக, பொருளின்மேல் நமக்குள்ள பங்கை நாமே எழுதிக் கொடுத்துவிடுதல் தகுமா? தகாது என்பது நம் கருத்து.

அந்தத் தொழிலாளியை எண்ணும்போதெல்லாம் நம் மனம் சங்கடப்படும். இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவனுக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கும் என்று அதுவே பிரித்துக் கொடுக்கிறது. கோயில் திருமேனிக்கு உரிமையாளர் உண்டு. எனவே அப்பங்கு அவருக்குக் கிடைத்திருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனு எழுதிக்கொடுக்க அருகில் ஒருவன் இருந்திருந்தால், அவர் களவுச் சங்கிலியின் முதற் கண்ணியாகாமல், கண்டெடுத்துத் தந்தவர் என்ற பெயரோடு வாழ்ந்திருப்பார். அந்த ஒருவனை உருவாக்கத்தான் நம் சங்கம் இரவுப்பள்ளி தொடங்கியது.

இன்னொரு செய்தியைச் சுருக்கமாகச் சொல்லுவோம். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிலிருந்து களவாடப்பட்ட நடராசரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டெல்லிக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். காட்டிக் கொடுத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் சிலை கோயிலில் இருந்த காலத்தில் எடுத்துவைத்த ஒளிப்படம். படம் இருந்ததால் பேச்சு நின்றது. படமில்லாத சிலைகள் எத்தனை போயினவோ!

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் தெருக்களில் உள்ள பழைய பறைகள், நடுகற்கள், குலதெய்வத்தின் மண் உருவங்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் சான்றிதழ்கள் இவற்றையெல்லாம் மே விடுமுறையில் படமெடுத்துப் பதிவேட்டில் எழுத எண்ணியுள்ளோம். பதினைந்து இளைஞர்கள் போதும். கைபேசி உள்ளவர்கள் கைபேசியோடு வரட்டும். அளவுநாடாவும் குறிப்பேடும் சங்கம் தரும். கூடவே, நம் இரவுப்பள்ளியின் முதற் சேர்க்கைப் பதிவேட்டில் முன்னிரண்டு தாள்கள் காணவில்லை. யாருடைய பெட்டியிலாவது இருந்தால், எப்படிப் போயிற்று என்று கேட்கமாட்டோம். கொண்டுவந்து கொடுத்தால் போதும்.