தனித்தும் பிணைந்தும்

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பி.எஸ்.ஏ. என்று ஓர் எண் இருக்கும். புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. எண் கூடிவிட்டால் புற்றுநோயோ என்று தூக்கமே போய்விடும். பாவம், வயதானால் வரும் சாதாரண வீக்கமும், தொற்றும்கூட அதை ஏற்றிவிடும்.

பின்லாந்தின் ஸ்டென்மன், ஸ்வீடனின் லில்யா ஆகியோரின் 1991 ஆய்வுகள்தான் புற்றுநோயை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய வழி காட்டின. ரத்தத்தில் இந்தப் புரதத்தின் பெரும்பகுதி, ஆன்டிகைமோடிரிப்சின் என்ற இன்னொரு புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கொஞ்சம்தான் தனியாகத் திரிகிறது. புற்றுநோய் இருந்தால் அந்தத் தனிப் பங்கு பெரும்பாலும் குறைந்திருக்கும்.

மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். தனிப் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டினால் புற்றுநோய்க்கு வாய்ப்பு குறைவு. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அதிகம். 1998இல் வெளியான, 773 பேரைச் சேர்த்த ஆய்வில், 25ஐ எல்லையாக வைத்தபோது 100 புற்றுநோய்களில் 95 சிக்கின. தேவையில்லாத திசுப் பரிசோதனைகளில் ஐந்தில் ஒன்றைத் தவிர்க்கலாம் என்றும் தெரிந்தது. ஊசிக்குப் பயந்து கிடப்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

தனியாகத் திரியும் வகை சீக்கிரம் சிதையும். அதனால் எடுத்த ரத்தத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்துவிடுவார்கள்.