உயிரிரக்கமும் உரிய இடைவெளியும்

(சுருளிப்பட்டியில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் இலாஞ்சனம் சிங்கம் என்பதை இங்கு அமர்ந்துள்ள சிறுவரும் அறிவர். சிங்கங்களுக்கு நேர்ந்த ஒரு துன்பத்தைக் கூறியே இன்றைய உரையைத் தொடங்க விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலை தமிழகத்தை வாட்டிய காலம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மே மாத இறுதியில் ஐந்து சிங்கங்கள் உணவில் நாட்டமின்றி இருந்தன, இடையிடையே இருமின. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்பதில் தொற்று இருப்பது தெரியவந்தது. ஜூன் 3 அன்று நீலா என்னும் ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், ஜூன் 16 அன்று பத்மநாதன் என்னும் பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் உயிர் நீத்தன. நான்கு சிங்கங்களிடம் எடுத்த வைரஸின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது அப்போது மக்களிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே எனத் தெளிவாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஐதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் எட்டுச் சிங்கங்களுக்கு இத்தொற்று உறுதியாகி, அவை நலம் பெற்றன.

காட்டை விட்டு வந்து கூண்டுக்குள் வாழும் சிங்கம் எந்தச் சந்தைக்கும் சென்றதில்லை. எந்தத் திருமணத்திலும் கலந்துகொண்டதில்லை. பொதுமக்கள் வருகையும் நிறுத்தப்பட்டிருந்த நேரம் அது. நோய் அவற்றைத் தேடி மனிதரின் மூச்சு வழியாகவே வந்திருக்க வேண்டும். விலங்குகளிடமிருந்து நமக்கு நோய் வருகிறது என்றே கேட்டுப் பழகிய நாம், அதே பாதையில் நாமும் நோயை அனுப்புகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பாதை எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். கொரோனா வைரஸின் மேற்புறத்தில் முள் போன்ற புரதங்கள் உள்ளன. அம்முள் ஒரு திறவுகோல் என்று கொள்வோம். உயிரணுவின் மீதுள்ள ஏற்பி என்னும் புரதம் பூட்டு. திறவுகோல் பூட்டிற்குப் பொருந்தினால்தான் வைரஸ் உள்ளே புக இயலும். கோவிட் வைரஸ் பற்றிக்கொள்ளும் பூட்டு ஏசிஇ-2 என்னும் ஏற்பியாகும். மனிதரிடம் உள்ள அப்பூட்டைப் பெரிதும் ஒத்த பூட்டு பூனை இனத்திடமும் உண்டு. ஆதலால்தான் வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி வரை இத்தொற்று எளிதில் பற்றியது. கோழிக்கும் வாத்துக்கும் அப்பூட்டு பொருந்தாமையால் ஆய்வுகளில் அவை தொற்றிலிருந்து தப்பின.

ஆயினும் பூட்டுப் பொருந்துவது மட்டும் போதாது, நெருக்கமும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் இறுதியில் சீனத்தின் குவாங்டோங் மாகாணத்தில் சார்ஸ் நோய் தோன்றியபோது, உயிருள்ள விலங்குகளை விற்கும் சந்தைகளில் இருந்த மரநாய்களிடம் அதே வகை வைரஸ் காணப்பட்டது. அதற்கு நெருங்கிய உறவுடைய வைரஸ்கள் பின்னர் குதிரைலாட வௌவால்களிடம் கண்டறியப்பட்டன. காட்டில் ஒன்றையொன்று சந்திக்காத உயிர்கள் சந்தையில் கூண்டின் மேல் கூண்டாக அடுக்கப்பட்டு, ஒன்றின் மூச்சை மற்றொன்று சுவாசிக்க நேர்ந்தது. அந்நோய் ஏறத்தாழ எண்ணாயிரம் பேரைப் பற்றி, 774 பேரின் உயிரைக் கொண்டது. 2012இல் சவூதி அரேபியாவில் அறியப்பட்ட மெர்ஸ் நோய் ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வந்தது. ஒட்டகத்திற்கோ அது பெரும்பாலும் சளியளவில் நின்றுவிடுகிறது.

நோய் திரும்பிச் சென்று மீண்டும் வந்த நிகழ்ச்சியும் உண்டு. மென்மயிருக்காகக் கூண்டுகளில் வளர்க்கப்படும், கீரி போன்ற தோற்றமுடைய சிறு விலங்கு மிங்க். டென்மார்க் நாட்டுப் பண்ணைகளில் தொழிலாளரிடமிருந்து மிங்க்குகளுக்குத் தொற்று சென்றது. நெருக்கமான கூண்டுகளில் அது வேகமாகப் பரவி, சிறு மாற்றங்களையும் பெற்று மனிதரிடம் திரும்பியது. 2020 நவம்பரில் அந்நாட்டு மிங்க்குகள் அனைத்தையும் கொல்ல அரசு ஆணையிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள்! உடுப்பதற்குத் தோல் வேண்டும் என்ற ஆசையே அவற்றைக் கூண்டில் அடைத்தது. நோயைக் கொடுத்தவரும் மனிதரே. தண்டனை மட்டும் அவற்றிற்கு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதனைச் செய்தி என்று படித்துவிட்டு நகர இயலாது.

இனி நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். 2020இல் புணேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், தமிழகம், கேரளம் உள்ளிட்ட பகுதிகளின் பழந்தின்னி வௌவால்களிடம் வௌவால்களுக்கே உரிய கொரோனா வைரஸ்கள் காணப்பட்டன. அவை கோவிட் வைரஸ் அல்ல. மனிதருக்கு நோய் தந்ததற்கான சான்றும் அவற்றிற்கு இல்லை. ஆயினும் அச்சத்தால், வௌவால் தொங்கும் மரத்தை வெட்டுவோமா, குகையில் புகை போடுவோமா என்று கேட்பவர் உண்டு.

அவர்களுக்கு இரண்டு செய்திகளைக் கூற விரும்புகிறேன். நம் மாவட்டத்திற்குப் பெயர் தேடித் தரும் இலவம் பஞ்சு மரம் இரவில் பூப்பது. அதன் மகரந்தத்தைச் சுமந்து செல்வதில் வௌவாலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலும் அத்தியும் காடெங்கும் முளைப்பதும் அதன் உதவியால்தான். மற்றொன்று, நம் மேகமலைக்கே உரிய பெருமை. 1948இல் அம்மலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் சேகரித்த ஒரு வௌவால், 1972இல்தான் தனிப் பேரினம் என அறியப்பட்டு, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரைப் பெற்றது. உலகிலேயே அரிதான பழந்தின்னி வௌவால்களுள் அதுவும் ஒன்று. மேலும், உறைவிடத்தைக் குலைத்தால் வௌவால்கள் கலைந்து புதிய இடங்களை நாடும். நாம் அஞ்சும் நெருக்கத்தை நாமே உண்டாக்கியவராவோம். திராட்சைத் தோட்டத்தில் அவற்றால் இழப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. வலை கட்டிக் காப்பதே அதற்கு வழி. அவ்வலையும் உயிர்கள் சிக்கி மாளாதபடி இழுத்துக் கட்டிய சிறுகண் வலையாக இருத்தல் வேண்டும்.

அடுத்து, சற்றுத் தயக்கத்துடன் ஒன்றைக் கூறுகிறேன். அருவிக்கு நீராடச் செல்வோர் அங்குள்ள குரங்குகளுக்குப் பழமும் பொரியும் கையால் ஊட்டுவதைப் புண்ணியம் எனக் கருதுகின்றனர். ஜீவதயை என்றே பலரும் அதனைச் செய்கின்றனர். ஆனால் நான் முன்னர் சொன்ன ஏசிஇ-2 பூட்டில், வைரஸ் பற்றும் இடங்கள் மனிதருக்கும் நம் நாட்டுக் குரங்கினங்களுக்கும் ஒன்றே. இருமலும் சளியும் உடைய ஒருவர் நீட்டும் ஒரு வாழைப்பழம் ஒரு குரங்குக் கூட்டத்திற்கே நோயைக் கொண்டு செல்லக்கூடும். அக்கூட்டத்திற்கு அப்பால் மேகமலைச் சோலைகளில் சோலைமந்தியும் கருமந்தியும் வாழ்கின்றன. அவற்றிற்கு மருத்துவமனை இல்லை. காடு அவற்றிற்கு உணவளிக்கிறது. நாம் அளிக்க வேண்டியது இடைவெளி. கை நீட்டுவது மட்டுமே கருணை என்பதன்று. கையை மடக்கிக்கொள்வதும் கருணையாகும் நேரம் உண்டு.

வீட்டுக் கால்நடைகளைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் மாட்டுக் கொரோனா வைரஸும் நாய்க்குட்டிகளைப் பற்றும் நாய்க் கொரோனா வைரஸும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. அவை கோவிட் அல்ல. கன்று கழிந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பயந்து தெருவில் விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் இருப்பின், நலமாக உள்ள மற்றொருவர் பால் கறக்கட்டும், தீனி வைக்கட்டும். நோயுற்றவர் பூனையையும் நாயையும் மடியில் கொஞ்சுவதைச் சில நாள் தவிர்க்கட்டும். தொழுவத்திற்குச் செல்லுமுன்னும் வந்தபின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை உண்ணலாகாது, மாட்டிற்கும் இடலாகாது.

தர்மபந்துக்களே! நம் துறவியருள் ஒரு சாரார் வாயை முகபத்தியால் மூடிக்கொள்வதை அறிவீர்கள். தம் மூச்சினால் காற்றிலுள்ள நுண்ணுயிரும் துன்புறலாகாது என்பதே அதன் கருத்து. தன் மூச்சு பிறிதோர் உயிருக்குத் தீங்காகக்கூடும் என்று எண்ணிய அந்த நுண்ணிய அறவுணர்வை வண்டலூர்ச் சிங்கங்களின் சாவு நமக்கு மீண்டும் நினைவூட்டியது. அத்தொற்றுக் காலத்தில் விலங்குகளைப் பேணுவோர் அவற்றின் பொருட்டு முகக்கவசம் அணிந்தனர். விழா முடிந்து அருவிக்குச் செல்லும் அன்பர்கள், கொண்டு செல்லும் பழங்களை உடன்வரும் குழந்தைகளுக்கே பகிர்ந்தளியுங்கள். குரங்குகளைத் தொலைவில் நின்று கண்டு மகிழுங்கள். இவ்வூரின் மலையும் மலைவாழ் உயிர்களும் நலமுற வாழட்டும்.